வெங்காயக்காரன் வளர்த்த புள்ளிச்செடி

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டவன் நான். தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் எடுத்தேன். மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் தொடங்கிய கடையை ஓடு போட்ட கடையாக்கினேன். கற்பிட்டிக் கருவாட்டைச் சிலாபத்துக்கு ஏற்ற எங்கள் தெருவில் முதலில் சொந்த மாட்டுவண்டி விட்டவன் நான்தான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குக் கல் சுமந்தவனும் நான்தான், சுண்ணாம்பு அரைத்தவனும் நான்தான். மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுக்கும் குமர் காரியத்தை ஒருவரிடமும் கை நீட்டாமல் முடித்தேன். எப்படி என்று யாரும் கேட்டால் கையை விரித்துக் காட்டுவேன். இந்தக் கை செய்தது, நடந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

ஒரு பூச்சட்டி விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு துரையின் தென்னந்தோட்டம் இருந்தது. தோட்டத்துக் கிணற்றடியில் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தில் வெங்காயம் போட்டுக்கொள்ளும்படி துரை என்னிடம் வாயால் சொல்லியிருந்தார். அந்த வருமானத்தில்தான் என் குடும்பம் தலை நிமிர்ந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு துரையும் அவர் மனைவி நோனாவும் சீமைக்குப் புறப்பட ஆயத்தமானார்கள், போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் தோட்டக் காவற்காரன் அந்தத் துண்டைத் தன் ஆளுக்குத் தரும்படி துரையிடம் கேட்டு வைத்துவிட்டான். நான் பங்களாவுக்கு ஓடினேன்.

துரையைக் காணக் கிடைக்கவில்லை. நோனா ஒரு பூச்சட்டியோடு விறாந்தைக்கு வந்தார். சதைப்பிடிப்பான அகல இலைகள், இலை முழுக்கக் கரும்பச்சைப் புள்ளிகள், அடியில் சின்ன வெங்காயம் போலக் கிழங்குகள் மணலுக்கு மேலே பாதி தெரிந்தபடி. நோனா பேசியதைச் சமையற்கார அப்பு எனக்குத் தமிழில் சொன்னார். அவர் சிலாபப் பக்கத்துச் சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார்.

"இந்த மணல்ல இப்பிடி வெங்காயம் போடுற மனிசனுக்கு இது ஒரு வேலையா எண்டு நோனா கேக்கிறாங்க. திரும்பி வரக்குள்ள இது உசிரோட இருந்தா, கிணத்தடித் துண்ட உங்களுக்கே எழுதித் தரச் சொல்லி துரைக்கிட்டச் சொல்லுவாங்களாம்."

"செத்துப்போனா?"

அப்பு அதை நோனாவிடம் கேட்கவே இல்லை. சட்டியை வாங்கி என் கையில் வைத்தார்.

"வீட்டுக்குள்ள வைக்கணுமாம். சுடுற வெயில் கூடாது. தண்ணி கொஞ்சம். தூங்கிச்செண்டா தண்ணியே வாணாம்."

"எது தூங்கிறது?"

"கிழங்கு."

"கிழங்கு தூங்குமா அப்பு?"

"நான் குசினிக்காரன், முதலாளி. சட்டிக்குள்ள போற கிழங்கு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

சட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என் மனைவி இரண்டடி பின்னால் போனாள். "இதென்ன, இலையெல்லாம் சொறி புடிச்சாப்போல? விதை வெங்காயத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க."

அவள் சொன்னது சரிதான். வெங்காயப் பாத்தியில் இலையில் புள்ளி கண்டால் நாங்கள் வேடிக்கை பார்த்து நிற்பதில்லை. கிள்ளி எறிந்துவிட்டுச் சாம்பல் தூவுவோம், இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திக்கும் தாவிவிடும். நோனா நொண்டி நாயையும் மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர், நோய்ப்பட்ட செடி மேலும் இரக்கப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். சுகமாக்கிக் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவார் அல்லவா? புள்ளி இலைகளைக் கிள்ளினேன், சாம்பல் தூவினேன், சட்டியை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருட்டு மூலையில் வைத்தேன்.

புதிய இலைகள் வந்தன. நீளமாக, வெளிர்பச்சையாக, ஒரு புள்ளி இல்லாமல்! வைத்தியம் பலித்துவிட்டது என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். வெங்காயம் வாங்க வந்த அப்புவையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முதலாளி, புள்ளி எங்க?"

"சுகமாக்கிட்டேன்."

"ஐயோ! நோனா அந்தப் புள்ளிக்குத்தானே இத வளத்தாங்க!"

நோயைப் போக்க எனக்குத் தெரியும். போன நோயைத் திரும்ப அழைத்து வருவது எப்படி? சாம்பலை நிறுத்தினேன். காலை வெயில் சாய்ந்து விழும் ஜன்னலடிக்குச் சட்டியை மாற்றினேன். என் மனைவி ஒரு யாசீன் ஓதி ஊதினாள். அடுத்து வந்த இலையில் புள்ளி இருந்தது. வெளிச்சத்தால் வந்ததா, சாம்பலை விட்டதால் வந்ததா, ஓதியதால் வந்ததா? மூன்றையும் ஒரே வேளையில் செய்துவிட்டதால் யாரிடம் போய்க் கேட்பது? வந்த புள்ளியைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வெங்காயக்காரன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான்.

அப்புறம் கச்சான் காற்றுப் பிடித்தது. நாட்கணக்காக மணலை வாரி அடிக்கும் காற்று. சட்டியில் இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகிச் சாய்ந்தன. தாகம் என்று நினைத்து ஊற்றினேன், இன்னும் சாய்ந்தது. இன்னும் ஊற்றினேன், அழுகல் வாடை வந்தது. என் மனைவியின் தம்பி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், கிணத்தடித் துண்டும் இதோட மவுத்தா?"

"உன்ட வாய மூடு."

"நான் மூடுறேன். நோனா வந்தா நீங்க எத மூடுவீங்க?"

விதை வெங்காயம் நடும் காலமும் வந்துகொண்டிருந்தது. கிணற்றடி கைவிட்டுப் போனால் எங்கே நடுவது? சட்டியின் முன்னால் குந்தி, ஒரு மஞ்சள் இலையைத் தொட்டேன். இழுக்காமலே கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இறுகி, முன்னைவிடப் பெருத்து இருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இலை பழுத்துச் சாய்ந்து, அடி இறுகினால் அதற்குப் பெயர் என்ன? சாவா? விளைச்சல்!

உடனே பிடுங்கத் தொடங்கினேன். என் மனைவி ஓடி வந்தாள்.

"புடுங்காதீங்க! தூங்கும் எண்டுதானே நோனா செல்லி அனுப்பின?"

"தூங்கிறதுக்கு ஈர மண்ணுல படுக்கவா? வெங்காயம் எப்பிடித் தூங்குது? பரண்ல தொங்கித்தானே?"

"இது வெங்காயமில்ல."

"அப்ப என்ன?"

கடைசிக் கிழங்கில் நான் கை வைக்கும்போது அவள் சட்டியோடு பறித்துக்கொண்டாள். "ஒண்ட மட்டும் வுடுங்க. உங்கட கைக்கு எல்லாமே வெங்காயந்தான்." சட்டியைக் கொண்டுபோய்க் குசினி ஜன்னலில் வைத்துவிட்டாள்.

நான் அழுகலைத் தள்ளி, நல்ல கிழங்குகளை நிழலில் உலர்த்தி, பிடியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே விதை வெங்காயத்தோடு தொங்கவிட்டேன். சம்பல் இடிக்க அதில் ஒன்றையும் யாரும் உரித்துவிடக் கூடாது என்று தினமும் சத்தம் போட்டேன். வாடை மழை தொடங்கியதும் கிழங்குகளைப் பிரித்துப் பிரித்து, ஒரு சிரட்டைக்கு ஒன்றாய், வெங்காயம் ஊன்றுவது போலப் பாதி வெளியே தெரிய ஊன்றினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, ஊசி முனை போல ஒரு முளை. அதைப் பார்த்து இன்னொன்று. இலை விரிந்தால் புள்ளி, விரிந்த இலையிலெல்லாம் புள்ளி! ஜன்னலடி நிறையச் சிரட்டைகள். சத்தியமாக நான் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட நாளிலும் அப்படிக் கத்தவில்லை.

சீமையிலிருந்து திரும்பிய நோனா அப்புவோடு என் வீட்டுக்கு வந்தார். சிரட்டைகளைப் பார்த்து வாயில் கை வைத்துச் சிரித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்பார் எனக் காத்து நின்றேன். நோனா உள்ளே எட்டிப் பார்த்தார். குசினி ஜன்னலில் அவருடைய பழைய சட்டி இருந்தது, கொழுத்த இலைகளும் நடுவில் வெள்ளைப் பூத்தண்டுமாக. நேரே அதனிடம் போனார். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோனா சொல்றாங்க," என்றார் அப்பு, "இது நல்ல கையாம். துண்டு உங்களுக்குத்தானாம்."

நோனா சொன்ன சொல் தவறாமல் துரை எழுதிக் கொடுத்தார். நோனா பழைய சட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். ஊரோ, பொண்டாட்டியின் கைராசியில் இவனுக்குக் காணி கிடைத்தது என்று பேசியது.

அன்று மனைவியிடம் கேட்டேன். "நீ அதுக்கு என்ன செஞ்சாய்?"

"ஒண்டும் செய்யல்ல. சும்மா வுட்டேன்."

"தண்ணி?"

"மழை வந்தாப் பொறகு கொஞ்சம்."

"வேற?"

"வேற என்ன? வேலை இருந்திச்சி, மறந்துட்டேன்."

இதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பிடுங்கிய என்னுடையதும் முளைத்தது. பிடுங்காத அவளுடையதும் முளைத்தது. அவளுடையது பூவும் பூத்தது. அப்படியென்றால் நான் பிடுங்கியதும் உலர்த்தியதும் கட்டியதும் கத்தியதும் எதற்கு? கையால் செய்ததுதான் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். சும்மா விட்டதும் நடக்குமென்றால், என் மற்ற வேலைகளிலும் எத்தனை சும்மா விட்டாலே நடந்திருக்குமோ என்று நினைக்கும்போது தலை சுற்றுகிறது. அதனால் நினைப்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். என் மனைவி காப்பாற்றியது ஒரே ஒரு கிழங்கு. அது பங்களாவுக்குப் போய்விட்டது, அந்த நோனாவோடு முடிந்தது. இன்று கற்பிட்டியில் இருந்து வண்ணாத்திவில்லு வரை ஜன்னலுக்கு ஜன்னல் நிற்கிற புள்ளிச்செடி, நான் பிடுங்கிப் பிரித்துச் சிரட்டையில் ஊன்றியதன் பிள்ளைகள். கல்யாண வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அள்ளிக் கொடுத்தது நான். கைராசி அவளுக்கே இருக்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இது எங்கே கிடைத்தது என்று கேட்டால், பங்களா நோனா தந்தது என்று சொல்லாதீர்கள். வெங்காயக்காரன் பிரித்தது என்று சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும்.