வெயிலில் இறங்கிய பேட்டரி

1. மதியம் வந்த போன் கோல்

ஒரு புதன்கிழமை மதியம் ஹட்டனில் எங்கள் கடையின் பின்னறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் கந்தப்பளை திலகேஸ்வரி. இன்றைக்கு என்ன கேள்வியோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி."

"அண்ணே, மழையில மரம் விழுந்து லைன் அறுந்துருச்சு. கரண்ட் இல்ல. பேட்டரியும் அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சு போச்சு. மெஷின்ல நூத்தி இருவது முட்டை இருக்கு. நாளைக்குப் பொரியிற முட்டைண்ணே."

நான் பொட்டலத்தை மூடி வைத்தேன்.

என் பெயர் யோகராஜ். வீட்டு வயரிங் வேலையில் தொடங்கி, இப்போது பல வருடங்களாக சோலார் பொருத்துகிறேன். ஹட்டனில் ஹனீபா நாநாவின் கடையில் நான்தான் மூத்த டெக்னீஷியன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் இன்வர்ட்டர் செட்டிங் பற்றியும் பேனலின் சரிவு பற்றியும் கேட்பார்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் புதன்கிழமைதான். அதனால் அதை எழுதுகிறேன்.

2. கேள்விக்காரி

திலகேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கணவர் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவார். கந்தப்பளைக்கு மேலே சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டி, ஓர் அறையில் இன்குபேட்டர் வைத்து கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறார். அந்தக் குளிரில் முட்டைக்குச் சூடு குறையவே கூடாது. ஒரு தடவை கரண்ட் நாள் முழுக்க நின்றதில் ஒரு தொகுதி முட்டை அப்படியே கெட்டுப்போனது. அதன் பிறகுதான் பேட்டரியோடு சோலார் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார்.

பத்து பேனல், ஒரு ஹைபிரிட் இன்வர்ட்டர், ஐந்து யூனிட் கரண்ட் சேமிக்கிற பேட்டரி. கரண்ட் போனால் இன்குபேட்டரும் பிரிட்ஜும் நாலு பல்பும் பேட்டரியில் ஓடுகிற மாதிரி தனி லைன் இழுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்த அன்று நல்ல மழை. இன்வர்ட்டரில் பச்சை லைட் வந்தது, போனில் ஆப் போட்டுக் கொடுத்தேன், கிளம்பினேன்.

மறுநாளே கோல் வரத் தொடங்கியது.

"அண்ணே, பனி மூடினா பேனல் வேலை செய்யுமா?"

"கொஞ்சமா செய்யும் தங்கச்சி. வெளிச்சம் இருந்தாப் போதும்."

"பேனல சோப்புப் போட்டுக் கழுவலாமா?"

"வேணாம். வெறும் தண்ணி போதும். மத்தியானச் சூட்டுல ஊத்தாதீங்க, காலையில ஊத்துங்க."

"மேல் வீட்டுல பேனல் மட்டும் இருக்கு, பேட்டரி இல்ல. கரண்ட் போனா பட்டப்பகல்லயே அவங்க வீட்டுல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. வெயிலு அங்கேயும்தானே அடிக்குது?"

இது நல்ல கேள்வி. லைன் அறுந்த நேரத்தில் வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து. அதனால் கரண்ட் போனதும் இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி உள்ள வீட்டில்தான் வெளி லைனைத் துண்டித்துவிட்டு உள்ளே மட்டும் ஓட்ட முடியும். இதைச் சொன்னதும், "அப்ப அது கம்பத்துல ஏறுறவருக்காகவா? நல்லதுதாண்ணே" என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒரு வாரம், பத்து நாள் போனதும் அலுத்துவிட்டது. கடையில் எல்லோருக்கும் இது விளையாட்டாகிவிட்டது. "என்ன யோகா, கந்தப்பளைப் புள்ள இன்னைக்கு என்ன கேட்டுச்சு?" என்று ஹனீபா நாநா தினமும் விசாரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே சொல்லுவேன்.

அப்படி ஒரு நாள் வந்த கேள்வி இது:

"அண்ணே, வெயிலடிச்சா பேட்டரி எறங்குது. மப்புப் போட்டா ஏறுது. தலைகீழா இருக்கே?"

நான் அப்போது ஒரு கூரை மேல் நின்றிருந்தேன். கையில் டிரில். "அந்த ஆப் அப்படித்தான் தங்கச்சி. அங்க நெட் சரியில்லல்ல, லேட்டாக் காட்டும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். "அண்ணே, நான் தண்ணி கொதிக்க கேத்தல் போட்டா, கரண்ட் வெளியில போகுதுன்னு அம்புக்குறி காட்டுது. கேத்தல் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"ஆப் பழகப் பழகச் சரியாயிரும்" என்றேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்க்கவும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. அவர், "சரிண்ணே" என்று வைத்துவிட்டார்.

3. கந்தப்பளை வரைக்கும்

புதன்கிழமைக்கு வருகிறேன். ஹனீபா நாநாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கடை ஜெனரேட்டரைத் தூக்கி வேன்ல போடு. முட்டைக்கு முதல்ல சூட்டைக் குடு. பேட்டரிய பொறகு பாரு" என்றார்.

தலவாக்கலை தாண்டும்போது மழை கொட்டியது. நானுஓயாவில் ஒரு லொறியின் பின்னால் மாட்டிக்கொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரோடு பேசிக்கொண்டே போனேன்.

"மெஷின கம்பளியால நல்லா இறுக்கி மூடுங்க தங்கச்சி."

"மூடியாச்சுண்ணே. பக்கத்துல சுடுதண்ணி போத்தல் வச்சிருக்கேன். மேல இருக்கிற ஓட்டைய மட்டும் மூடல."

"அதுல சூடு போயிருமே?"

"போனாப் போகட்டும். உள்ள குஞ்சு முழுசா ஆயிருச்சு, மூச்சு விடணும். பதினெட்டு நாளுக்கு மேல அதுகளே கொஞ்சம் சூடு குடுக்கும். மூச்சு நின்னாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது."

எனக்கு இது தெரியாது. அவர் கைத்தொழிலில் அவர் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டு, பதிலும் தெரிந்து வைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. மழை விட்டிருந்தது. இன்குபேட்டரில் சூடு முப்பத்தி நாலுக்கு இறங்கியிருந்தது. இருக்க வேண்டியது முப்பத்தி ஏழு. ஜெனரேட்டரை வெளியே வைத்து வயர் இழுத்து நேராக மெஷினுக்குக் கொடுத்தேன். உள்ளே பல்பு எரிந்ததும் திலகேஸ்வரி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த இலக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தி அஞ்சு. முப்பத்தி ஆறு.

பிறகு எழுந்து போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். "இதக் கொஞ்சம் பாருங்கண்ணே."

ஒரு வாரத்துக்கு, மணிக்கு மணி, பேட்டரி எத்தனை சதவீதம், வெளியே வெயிலா மப்பா என்று எழுதியிருந்தார். அன்று காலை ஏழு மணிக்கு மப்பு, அறுபது. எட்டு மணிக்கு வெயில், நாற்பத்தி ஐந்து. பத்து மணிக்கு நல்ல வெயில், பத்து. அதற்குக் கீழே பேட்டரி இறங்காது. மதியம் மழை இருட்டி மரம் விழுந்தபோது பேனலும் பெரிதாகத் தரவில்லை, பேட்டரியிலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓட ஒன்றுமே இல்லை.

ஆப் பொய் சொல்லவில்லை. பேட்டரி உண்மையாகவே வெயிலில் இறங்கியிருக்கிறது.

நான் போய் மீட்டர் பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வரும் மெயின் வயரைச் சுற்றி ஒரு சின்ன கிளாம்ப் மாட்டியிருப்போம். சி.டி. கிளாம்ப் என்போம். கரண்ட் வீட்டுக்குள் வருகிறதா, வெளியே போகிறதா என்று இன்வர்ட்டருக்குச் சொல்வது அதுதான். அதன் முதுகில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்கு முன் நாங்கள் போட்ட மாடலில் அது வெளி லைனைப் பார்த்து இருக்க வேண்டும். இந்தப் புது மாடலில் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். கையேட்டைப் புரட்டாமல் பழைய பழக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

அதனால் இன்வர்ட்டருக்கு எல்லாமே தலைகீழ். வெயிலில் மிச்சக் கரண்ட் வெளியே போனால், வீட்டுக்குக் கரண்ட் போதவில்லை என்று நினைத்து பேட்டரியைத் திறந்துவிட்டிருக்கிறது. மப்பில் வெளியிலிருந்து கரண்ட் வாங்கும்போது, மிச்சம் இருக்கிறதென்று நினைத்து பேட்டரியை நிரப்பியிருக்கிறது.

மெயினை ஓஃப் பண்ணினேன். கிளாம்பைத் திருப்பி மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாட்டும்போது என் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. பேட்டரியில் கோளாறு, சரிபண்ணிவிட்டேன் என்று சொல்லலாம். கம்பனி மேல் போட்டுவிடலாம். இத்தனை வருடம் வேலை செய்தவன் இந்தத் தப்பைப் பண்ணினேன் என்று எப்படிச் சொல்வது?

பின்னால் அவர் நின்றிருந்தார். "இப்ப என்னத்தத் திருப்புனீங்கண்ணே?"

திரும்பிப் பார்த்தேன். கொப்பி கையிலேயே இருந்தது. எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"இது நான் பிழையா மாட்டினது தங்கச்சி" என்றேன். "அதனாலதான் பேட்டரி காலியாச்சு. நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க. நான் பார்க்காமலே பதில் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அவர் கொப்பியில் எழுதியதைத் திரும்பப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் கேட்டது சரியான கேள்விதானா?" என்றார்.

"சரியான கேள்விதான்."

"நான் என்னமோ எனக்குத்தான் வெளங்கலன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு வேற, அந்த மனுசனத் தொல்லை பண்ணாதன்னு ஏசினாரு." பிறகு சிரித்தார். "இன்னைக்கு அவருக்கு ஒரு கோல் எடுக்கணும்."

ஐந்து மணிக்குப் பிறகு லைன் வந்தது. நான் சொல்லுவதற்கு முன்பே அவர் போய் கேத்தலைப் போட்டார். ஆப்பில் அம்புக்குறி வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தது. அந்தக் கேத்தலில் கொதித்த தண்ணீரில் தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் பின்னேரம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். திறந்தால் பேச்சே இல்லை, முழுக்க கீச்சு கீச்சு. கடையில் எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். நூற்றி இருபதில் தொண்ணூற்றி எட்டு பொரித்திருந்தது. சாதாரணமாக நூறு வருமாம்.

4. கேள்வி கேட்காத வீடு

ஹனீபா நாநாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த மாடல் வேற எங்க போட்டிருக்க?"

அந்த மாடலில் நான் பொருத்தியது இன்னும் ஒரே ஒரு வீடு. டிக்கோயாவில், பஸ் ஓட்டும் ஒருவருடைய வீடு. கந்தப்பளைக்கு முன்பே, மூன்று மாதத்துக்கு முன் போட்டது. அவர் ஒரு நாள்கூட எங்களுக்குக் கோல் எடுத்து எதுவும் கேட்டதில்லை. நல்ல கஸ்டமர் என்று கடையில் எல்லோரிடமும் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெயிலில் போனேன். அவர் வாசலில் பஸ்ஸுக்குப் போகத் தயாராக நின்றார்.

"எப்படி அண்ணே, சோலார் நல்லா ஓடுதா?"

"அருமையா ஓடுது தம்பி. ஒரு குறையும் இல்ல."

"கரண்ட் போனா பேட்டரி தாங்குதா?"

"கொஞ்ச நேரம் எரியும், பிறகு நின்னுரும். பேட்டரின்னா அப்படித்தானே? டோர்ச்சு பேட்டரியும் அப்படித்தான்."

உள்ளே போய் இன்வர்ட்டரைப் பார்த்தேன். பேட்டரி பத்து சதவீதம். மீட்டர் பெட்டியைத் திறந்தேன். அம்புக்குறி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டுக்குப் பேட்டரி இருந்தும் இல்லை. அவர் அதைக் குறை என்றே நினைக்கவில்லை. நானும் அவரை நல்ல கஸ்டமர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடமும் உண்மையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "அப்ப இனி ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுமா?" என்றார். டிக்கோயாக் குளிரில் ஃபேன் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் வேலை முடிந்த வீட்டுக்கு, ஒரு வாரம் கழித்து நல்ல வெயிலில் மறுபடி போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தினமும் கோல் எடுக்கிற வீட்டைப் பற்றி நான் பயப்படுவதில்லை. அங்கே பிழை இருந்தால் அது எப்படியும் என் காதுக்கு வந்துவிடும். லிஸ்டை எடுத்துப் பார்த்து, ஒரு கோல்கூட வராத வீடு எது என்று தேடுகிறேன். முதலில் அங்கேதான் போகிறேன்.