வேன் குடித்த தண்ணீர்

என் மகன் வாசலில் வேனுக்கடியில் படுத்து ரேடியேட்டரில் இருந்த பழைய கூலண்டை வடியவிட்டான். துருவும் சூடும் கலந்த அந்த வாசனை அடுப்படிவரை வந்தது.

"புதுசுல கலக்கணும்மா. அந்தத் தண்ணிக் கேனைக் குடுங்க."

வீட்டில் குடிக்க இருந்ததே அந்த ஒரு கேன்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அறுபதுகளில், திருமயம் பக்கம் எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு. குடிதண்ணீருக்கு அம்மா ஒரு மைல் நடந்து ஊரணிக்குப் போவாள். அப்பாவிடம் கடலை மூட்டை ஏற்றும் ஒரு வேன் இருந்தது. வாரம் ஒருமுறை அதன் ரேடியேட்டரைத் திறந்துவிடுவார். செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டும். பிறகு நேரே குடத்தைத் தூக்க வருவார்.

"கெணத்துத் தண்ணிய ஊத்துனா என்னங்க?"

"உப்பு அடைச்சு இன்ஜின் போயிரும். ஒனக்கென்ன தெரியும்?"

வாராவாரம் இதே பேச்சு. ஒருநாள் அம்மா வெயிலில் வந்து குடத்தை இறக்கியதுதான் தாமதம், அப்பா கொண்டுபோய் வேனில் ஊற்றிவிட்டார். அம்மா கிணற்றில் இறைத்துக் காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாயிலேயே அப்பாவின் முகம் கோணியது.

"என்ன காபி இது?"

"நல்ல தண்ணிய ஒங்க வேனு குடிச்சிருச்சு. நமக்கு இதுதான்."

அப்பா குடித்து முடித்தார். அடுத்த வாரமும் வந்து குடத்தைத் தூக்கினார்.

மகன் காலிக் கேனைத் திண்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அம்மா, ஒரு காபி குடுங்க."

கொல்லையில் போர் குழாய் இருக்கிறது. அதே உப்பு. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.