ஒன்பதாயிரம் வரி

அச்சடித்த தாளில் வரி வரியாகப் பென்சிலை நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்துக்கொண்டிருக்கிறார் அக்கா. இப்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது. இடது கை மட்டும் உயரும். அப்புறம் வா என்று அர்த்தம்.

நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். மொத்தம் ஐந்து லட்சம் வரி. மருந்தின் அளவை யார் மாற்றலாம், யார் கூடாது என்று தீர்மானிப்பது அதில் ஒன்பதாயிரம்தான். மற்றது எது கெட்டாலும் இது காப்பாற்றிவிடும். இதுவே கெட்டால் காப்பாற்ற வேறெதுவும் இல்லை. அதற்குக் காவல் இந்த அக்கா.

அந்த ஒன்பதாயிரத்துக்குள் நுழைந்துவிட்ட வரி எதற்கும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதால், தான் எழுதியதையும் அங்கே செருகிவிட எல்லோருக்கும் ஆசை. வருகிறவர்களுக்கு ஒரே பதில்: "முடியாதுப்பா." அலுவலகத்தில் இவர் பெயரே 'முடியாதக்கா' ஆகிவிட்டது.

இவ்வளவு சந்தேகப் பேர்வழி வீட்டில் எப்படி என்று அவர் கணவரிடம் கேட்டேன். கதவு பூட்டியாயிற்றா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லையாம். அதைச் சொன்னால் அக்கா சிரிக்கிறார். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா பைத்தியம்தான் பிடிக்கும். நம்புறது கொஞ்சமா இருக்கணும். அந்தக் கொஞ்சத்தை நல்லாப் பாத்துடணும்."

அவர் எழுதும் வரிகளைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.

போன மாதம் நாற்பது இயந்திரங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட இருந்த அன்று, தான் எழுதியதையே மறுபடி படித்தவர் சட்டென்று எழுந்தார். நர்ஸ் கடவுச்சொல் போட்டு அளவை மாற்றிவிட்டுப் போன பிறகும் அனுமதி திறந்தே கிடந்தது. அடுத்து யார் கை பட்டாலும் அளவு மாறும். வண்டியை நிறுத்தினார்கள். யார் தப்பு என்று மேலாளர் கேட்டதற்கு, "நான் எழுதினது" என்றார். அதோடு சரி. என் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா எழுதியதாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். மேலாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். பிறகு அக்காவிடம் வந்தேன்.

"அக்கா, நான் படிக்கவே இல்ல."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ படிச்சிருப்பேன்னு நானும் நம்பிட்டேன், தம்பி."

சாயங்காலம் திருத்திய வரிகளை அச்செடுத்தார். பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவர் பெயர் இருந்தது. அளவுகோலை அழுத்திப் பிடித்து, அந்தப் பெயரைப் பன்னிரண்டு தாளிலிருந்தும் கிழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை என் மேஜையில் வைத்தார்.