ஓட்டு இடுக்கில் வந்த சூரியன்

எனக்கு அடங்கி இருக்கத் தெரியாது என்று புகுந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி அமாவாசையன்று, கிரகணம் பிடித்ததிலிருந்து விடுகிறவரை கையைக் காலை அசைக்காமல் பாயில் மல்லாந்து கிடந்தேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். முதல் குழந்தை அதற்கு முந்திய வருஷம் ஏழாம் மாதத்திலேயே செத்துப் பிறந்திருந்தது. இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டியதுதான் என்று உறவுக்காரி ஒருத்தி மாமியாரிடம் என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள். மாமியார் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய பயம்.

எங்கள் வீடு கல்லங்குறிச்சிப் பக்கம். கணவர் அரியலூரில் வாத்தியார். விஞ்ஞானமும் கணக்கும் எடுப்பார், தினமும் சைக்கிளில் போய்வருவார். எனக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவமும் புகுந்த வீட்டில்தான் என்று ஆகியிருந்தது.

கர்ப்பிணி கிரகணத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும், விரல் ஒட்டிக்கொள்ளும், இன்னும் என்னென்னவோ. நகத்தால் கீறக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, சொறிந்துகொள்ளக்கூடக் கூடாது. அதெல்லாம் சரி, இருட்டான இடத்தில் படுக்க வைப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டில் மச்சு அறை என்று ஒன்று உண்டு. மேலே பலகை அடித்து மண் பூசியது. பட்டப்பகலிலும் அதற்குள் கை தெரியாது.

"அங்க கடலை மூட்டை அடுக்கியிருக்கு. நீ சின்ன அறையில படு," என்றார் மாமியார்.

சின்ன அறைக்கு நாட்டு ஓடு. காக்கையும் அணிலும் ஓடி ஓடி ஓடெல்லாம் விலகிக் கிடக்கும். மாமியார் ஜன்னலுக்குச் சாக்கு அடைத்தார், தண்ணீர்ச் செம்பில் தர்ப்பையைப் போட்டார், கதவை வெளியே சாத்தினார். இவ்வளவு செய்தவருக்கு அண்ணாந்து கூரையைப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. மூட்டைக்கு இருக்கிற மரியாதை மருமகளுக்கு இல்லையே என்று மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டு படுத்தேன்.

ஓட்டு இடுக்குகளில் வந்த வெயில் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. தினமும் பார்க்கிறதுதான். சின்ன விரிசல், முக்கோண ஓட்டை, மூலை உடைந்த ஓடு, எது வழியாக வந்தாலும் தரையில் விழுவது மட்டும் வட்டமாகவே இருக்கும். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வட்டத்தின் ஓரத்தை யாரோ கடித்தது போல இருந்தது. மேலே அணில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வட்டத்தைப் பார்த்தால் அதிலும் அதே கடி. சுவரில் விழுந்ததிலும் அப்படியே. அறையில் இருந்த அத்தனை வட்டமும் ஒரே பக்கத்தில், ஒரே அளவில் தேய்ந்துகொண்டே வந்தன. பாதி ஆயின. பிறகு பிறை ஆயின. வெளியே கோழிகள் குழம்பிப் போய்க் கூட்டுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. வெயிலுக்கு ஒரு சாம்பல் நிறம் வந்தது. ஆடி மாதப் பகலில் எனக்குக் குளிர்ந்தது.

கண்ணை மட்டும் தாழ்த்தி என்னைப் பார்த்தேன். என் வயிற்றின் மேல் மூன்று பிறைகள். நான் மூச்சு விட விட அவையும் ஏறி இறங்கின. எழுந்து ஓடலாம் என்றால் அசையக்கூடாது. கண்ணை மூடலாம் என்றால் முடியவில்லை. பயத்தில் மூடாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். அவ்வளவு அழகாக ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் குழந்தை உள்ளிருந்து ஓர் உதை விட்டது. நடுவில் இருந்த பிறை ஒரு துள்ளுத் துள்ளி மறுபடியும் அடங்கியது.

கிரகணம் விட்டதும் மாமியார் கதவைத் திறந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் வாயே திறக்கவில்லை. அது வெறும் வெளிச்சம்தானே, சூரியன் இல்லையே, நான் எதையும் அண்ணாந்து பார்க்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த கணவரிடம், வேறு எதற்கோ கேட்பது போல, "ஓட்டு சந்துல வர்ற வெயில் ஏங்க வட்டமா விழுது?" என்று கேட்டேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு தபால் கார்டில் பேனாக்கத்தியால் முக்கோணமாகத் துளை போட்டு முற்றத்தில் பிடித்தார். தரையில் விழுந்தது வட்டம்.

"ஓட்டை எப்படி இருந்தா என்ன? இது ஓட்டையோட உருவம் இல்ல, சூரியனோட உருவம். சூரியனே இறங்கி வந்து உன் தரையில உக்காந்திருக்குன்னு வச்சுக்க."

"அப்ப நேத்து?"

"நேத்து பிறை பிறையா விழுந்திருக்கும். வேப்பமரத்தடியில பசங்களோட பார்த்தேன். அப்படியே கிரகணந்தான். பாவம், உனக்குத்தான் குடுத்து வைக்கல."

என் வாதமெல்லாம் போச்சு. நான் பார்த்தது சாட்சாத் கிரகணத்தையே. அவரோ உற்சாகமாக மேலே மேலே சொல்லிக்கொண்டு போனார். அங்கே எரிவதற்கு விறகு கிடையாது, ஹைட்ரஜன் வேறொன்றாக மாறி, அந்த மாற்றத்தில்தான் வெளிச்சம் வருகிறது, சூரியன் தன் உடம்பையே கரைத்துத்தான் நமக்கு வெயில் தருகிறது, ஒருநாள் அதுவும் தீர்ந்துபோகும் என்று ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொன்னார். என் வயிற்றில் இருப்பது தீராமல் இருக்கவேண்டுமே என்று நான் நின்றேன்.

பின்னாளில் நானே தேடிப் படித்தேன். சூரியனின் நடுவில் பிறக்கிற ஒளி நேராக வெளியே வந்துவிடுவதில்லையாம். முட்டி மோதி, திரும்பித் திரும்பி, மேல்பரப்புக்கு வர ஆயிரம் ஆயிரமாக வருஷங்கள் ஆகுமாம். வெளியே வந்துவிட்டால் இங்கே வர எட்டு நிமிஷம் போதும். எங்கள் கிணறு வெட்டியபோது கல்லாகிப்போன சிப்பிகள் கூடை கூடையாக வந்தன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், அந்தக் கடலிலும் இதே வெயில்தான் அடித்தது. சூரியனுக்கு இப்போது பாதி வயசுதான். கடைசியில் வீங்கிச் சிவந்து, மேலுடம்பை உதறிவிட்டு, சின்னக் கங்காகச் சுருங்கிவிடும் என்கிறார்கள். அத்தனை பெரிய ஒன்று, ஓடு விலகிய இடுக்கில் புகுந்து என் புடவை மடிப்பில் வந்து படுத்திருந்தது.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஐப்பசி வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தை ஒரு வேளை அசையாவிட்டால், பிறையால்தான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மகன் பிறந்தான். அழுதான். நன்றாகவே அழுதான். மருத்துவச்சி கொடுத்த குழந்தையை மாமியார் வாங்கி, மேலுதட்டைத் தடவினார். வாய்க்குள் விரல் விட்டு மேலண்ணத்தைப் பார்த்தார். கைவிரல், கால்விரல், காது என்று ஒன்றையும் விடவில்லை. மருத்துவச்சி வெந்நீருக்குப் போனபோது என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அத்தை, கிரகணத்தன்னிக்கு நான் பார்த்துட்டேன். தரையெல்லாம் விழுந்துச்சு. வயித்து மேலயும் விழுந்துச்சு."

அவர் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அஞ்சு பெத்தேன். உன் புருஷனைச் சுமந்தப்பதான் கிரகணம் வந்துச்சு. நானும் அந்தச் சின்ன அறையிலதான் கெடந்தேன். உனக்கு விழுந்த மாதிரியே எனக்கும் வயித்துல விழுந்துச்சு. பயந்து செத்தேன். இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல."

குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"அஞ்சுல தங்குனது அவன் ஒருத்தன்தான். மச்சு அறையில மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலியாத்தான் கெடந்துச்சு."