திருப்பிச் சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கு விமான நிலையத்தில் பயிற்சி விமானியாக நான் வாங்கிய முதல் திட்டு, விமானம் நகர்வதற்கு முன்பே விழுந்தது.

மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்க வேண்டுமென்றால், நின்ற இடத்தை விட்டு அசையும் முன் கட்டுப்பாட்டு டவரிடம் கிளியரன்ஸ், அதாவது பறக்கும் அனுமதி, வாங்க வேண்டும். எந்த வழி, எவ்வளவு உயரம் என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "யெஸ் சார்" என்றேன். டவர் மறுபடி சொன்னது. மறுபடியும் "யெஸ் சார்". பக்கத்திலிருந்த பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தார்.

பாவம், அவருக்கு எங்கள் கரங்கான் எஸ்டேட் தெரியாது. அங்கே பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால், கேலி செய்கிறாயா என்று வாயிலேயே போடுவார்கள். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்கவே வேண்டாம். "சரிங்க தொரை" என்பதைத் தவிர அப்பா வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருடம்தான் அப்பா ஓய்வு பெற்றார். வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். கடைசிவரை அந்த வீட்டில் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. புதிதாக வந்த மலாய்த் துரை கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா "சரிங்க தொரை" என்று வந்து மூட்டை கட்டிவிட்டார். நான் லீவில் போனபோது அங்கே வேறொரு குடும்பம் இருந்தது.

எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி காலி பண்ணீங்க? தொரை 'தாக் பாயா பிண்டா'ன்னுதானே சொன்னாரு, நான் பக்கத்துலயே நின்னேன். மகன் பைலட்டு, பெரிய வீடா பாத்துட்டான்னு நெனச்சேன்லா."

வீடு மாற வேண்டாம் என்றிருக்கிறார் துரை. ரப்பர் ஆலை மெஷின் சத்தத்தில் பாதி செத்துப்போன அப்பாவின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்திருக்கிறது: பிண்டா. மாறு.

ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா இருந்த பெண்டாங்குக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டுப் பின்னறையில், பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே அப்பா உட்கார்ந்திருந்தார்.

"தொரைய ரெண்டாவது வார்த்தை பேச வைக்கலப்பா. மரியாதையா வெளிய வந்துட்டேன்," என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"சரிப்பா," என்றேன்.