நிஃப்லா அவித்த முட்டை

நுரைச்சோலைப் பக்கம் முஸம்மிலைத் தெரியாத அடுப்படி கிடையாது. பதினேழு வருடமாக மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக மீன் விற்கிறான். ஹோன் சத்தம் கேட்டால் பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவனுடைய கால் தரையில் பட்டதெல்லாம் சைக்கிளை நிறுத்தும்போதுதான். வயிறு மட்டும் அவனை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அந்த வயிற்றைத்தான் ஒருநாள் மீன் வாடியில் பொடியன்மார் நக்கலடித்தார்கள். முஸம்மிலுக்கு ரோஷம் வந்தால் வாய் நிற்காது. "சித்திர லீவுக்கு வைக்கிற ரோட்டு ஓட்டத்துல நானும் ஓடுறன். பத்து கிலோமீற்றரும் முடிச்சிக் காட்டுறன், பாருங்கடா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி நிஃப்லா சிரிக்கவில்லை. வினையே அதுதான். அவள் அதை அப்படியே நம்பினாள். புத்தளத்துக்குப் போய் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தாள். வீட்டில் நின்றது ஒரேயொரு கோழி. அது இடும் முட்டை அதுவரை சின்ன மகள் நிஸ்மியாவுடையது. "ஓட்டம் முடியும் மட்டும் வாப்பாக்குக் குடுப்பம் மகள். வாப்பா ஓடுறாருதானே" என்றாள். கனமூலையிலிருக்கும் தன் கூடப்பிறந்த ராத்தாமார் இருவருக்கும் போன் எடுத்து ஓட்டத்துக்கு வரச் சொல்லியும்விட்டாள்.

முதல் நாள் முஸம்மில் உண்மையாகவே ஓடினான். நாலாவது லைட் கம்பத்தில் மூச்சு முட்டியது. அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து, முட்டையைத் தின்று, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணிக் கடை மர வாங்கில் உட்கார்ந்தான். நாளைக்குத் தொடங்கலாம் என்றுதான் நினைத்தான், ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் குழாயடியில் பெனியனை நனைத்துக்கொண்டானே, அதற்கு என்ன பெயர்?

"இன்டைக்கி எவ்வளவு தூரம்?" என்று நிஃப்லா கேட்பாள்.

"பள்ளிச் சந்தி மட்டும்" என்பான். அடுத்த கிழமை பள்ளிச் சந்தியும் பின்னுக்குப் போனது. அவன் கால்கள் வாங்கிலேயே கிடக்க, பொய்தான் நாளுக்கு நாள் கூடத் தூரம் ஓடியது. அப்படியே இரண்டு மாதம் போய்விட்டது.

ஓட்டத்தன்று காலை எட்டு மணிக்கே தார் கொதித்தது. குறிஞ்சிப்பிட்டிப் பக்கமிருந்து வரும் அந்த ரோட்டில் பாதி வீடுகள் முஸம்மிலிடம் மீன் வாங்குகிற வீடுகள். முதல் வீட்டிலேயே ஒரு கிளாஸ் நீண்டது.

"முஸம்மில் நானா, பிஸ்மி சொல்லிக் குடிங்க!"

வாசலில் நீட்டியதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் மீன்காரனுக்கு ஏது? ஒரு வீட்டில் குடித்து மறுவீட்டைத் தாண்டினால் அந்த வீட்டுக்காரி நாளைக்குச் சட்டியோடு வரமாட்டாள். நிற்பதற்கு அவனுக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது. சர்பத், தம்பிலி இளநீர், மோர், மறுபடியும் சர்பத். ஏழாவது வாசலில் ரம்ஸியா கொடுத்த பால் சர்பத்துதான் கடைசி. பத்தடி போவதற்குள், அவளுடைய மிளகாய்த் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு ஏழு வீட்டு உபசாரத்தையும் வாந்தியெடுத்தான். பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை.

விழுந்தவர்களை ஏற்றிப்போகப் பெட்டி பூட்டிய லேண்ட் மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று பின்னால் வந்தது. அதில் ஏறியவன் முஸம்மில் ஒருவன்தான்.

ஓட்டம் முடிகிற நுரைச்சோலைச் சந்தியில், நிஃப்லாவுக்கும் ராத்தாமாருக்கும் முன்னால் நிஸ்மியா எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடி வருகிற ஒவ்வொருவரையும் வாப்பா என்று நினைத்துக் கை தட்டினாள். லேண்ட் மாஸ்டர் அவளுக்கு நேரே வந்து நின்றது. முஸம்மில் அதன் பெட்டியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். அவள் தட்டிய கை அப்படியே நின்றது.

"ரெண்டு மாசம் ஓடியுமா மச்சான்?" என்றாள் மூத்த ராத்தா.

"நேத்து ராவு முழுக்கக் காய்ச்சல் ராத்தா. நான்தான் போக வேணாமெண்டேன், கேக்கல்ல" என்றாள் நிஃப்லா.

அவனுக்கு ஒரு காய்ச்சலும் இருக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண் அத்தனை பேருக்கு முன்னால் தனக்காகப் பொய் சொல்வதைக் கேட்டபோது, அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ராத்தாமார் போன பிறகு அவள் முன்னால் போய் நின்றான்.

"நிஃப்லா, நான் ஒழுங்கா ஒருநாளும் ஓடல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சப்பாத்தக் கழுவுறது நான்தானே. அடி புதுசு மாதிரியே இரிந்திச்சி."

"தெரிஞ்சும் ஏன் முட்ட அவிச்ச?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "நாளைக்காச்சும் ஓடுவீங்கண்டு" என்றாள்.

ஏசியிருந்தால் முஸம்மில் தாங்கியிருப்பான். தான் வாங்கில் உட்கார்ந்து கதையளந்த ஒவ்வொரு காலையும் இவள் அடுப்படியில் நின்று அதே 'நாளை'க்காகக் காத்திருந்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். உரித்த முட்டை தட்டில் இருந்தது. பழக்கத்தில் கை அதை நோக்கிப் போனது. நிஃப்லா தட்டை மகளின் பக்கம் நகர்த்தினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பிளேன்டித் தேத்தண்ணிக் கிளாஸை எடுத்துக்கொண்டான்.