மண்ணூர்பேட்டைச் சுவரில் ஒரு கை

சுவரில் அந்தச் சிவப்புக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டுகிறது. என் போஸ்டருக்கு இப்படி ஒரு கைதான் வேண்டும்! அம்பத்தூரிலுள்ள ஒரு கம்பெனிக்குப் பாதுகாப்பு போஸ்டர் வரைந்து, லேப்டாப்போடு கோவையிலிருந்து வந்திருக்கிறேன். வழியில் மண்ணூர்பேட்டை டீக்கடை. எதிரே தகடு வெட்டும் பட்டறை, அதன் வாசல் சுவரில் பெயின்ட் வழிந்த கோட்டில் வரைந்த அந்தக் கை. ஆனால் விரல்கள் நான்குதான். போட்டோ எடுத்துக்கொண்டே, "வரைஞ்சவர் ஒரு விரலை மறந்துட்டார் போல" என்று சிரிக்கிறேன்.

பக்கத்தில், எண்ணெய்க் கறைச் சட்டையோடு டீ குடிப்பவர் கிளாஸைக் கீழே வைக்கிறார்.

"இன்னா நைனா, வெரலு எண்ணிகினு கீறியா? வா, காட்றேன்."

சாலையைத் தாண்டிப் போய்த் தன் வலது கையைச் சுவரில் வைக்கிறார். கோட்டுக்குள் அப்படியே பொருந்துகிறது. அவருக்கு ஆள்காட்டி விரல் இல்லை.

போனைச் சட்டைப்பைக்குள் போடுகிறேன். "சாரிண்ணா..."

"அட உடு. கம்பெனி மாட்ற சேப்டி போர்ட எவன் படிக்கிறான்? புதுசா வர்றவன் மெஷினாண்ட போறதுக்கு முன்னாடி இதுல கைய வெக்கணும். அவன் வெரலு ஒண்ணு கோட்டுக்கு வெளிய நிக்கும். அப்பால அவனே உஷாராய்டுவான்."

நானும் வைத்துப் பார்க்கிறேன். என் ஆள்காட்டி விரல் வெறும் சுவரில் தனியாக நிற்கிறது. சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறேன்.

என் போஸ்டரில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஐந்து விரலோடு அழகான ஒரு கை. பதினோரு மணிக்கு அதைக் காட்ட வேண்டும். காட்டப்போவதில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி வந்து, "அண்ணா, இது மேல இன்னொரு தடவை கையை வைப்பீங்களா?" என்று கேட்கப்போகிறேன்.